வாயே திறக்காத பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலை, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தப் பெண்ணின் அக்கா என்னிடம் படித்தவள். "சார், புள்ள வாயே திறக்காது. கூட்டத்தோட கூட்டமா உட்கார்ந்து எழுதிட்டு வர்ற மாதிரி ஒரு பெரிய காலேஜா பார்த்துச் சொல்லுங்க" என்றார். மதிப்பெண் நல்ல மதிப்பெண்தான். இன்ஜினியரிங் வேண்டாம், வரலாறும் பொருளாதாரமும் சேர்த்துப் படிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள். 'லிபரல் ஆர்ட்ஸ்' என்று எங்கோ படித்திருக்கிறாள்.

பிள்ளையின் சுபாவத்துக்கு ஏற்ற கல்லூரி எது என்று ஒரு அப்பா கேட்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சேலத்தில் இன்னமும் கட்-ஆஃப் எவ்வளவு, பிளேஸ்மென்ட் உண்டா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆனால் அந்த நல்ல கேள்விக்கு நாம் சட்டென்று சொல்லிக்கொள்ளும் பதில்கள் பெரும்பாலும் தலைகீழாக இருக்கின்றன. அமைதியான பிள்ளைக்குப் பெரிய வகுப்பு, துறுதுறு பிள்ளைக்குக் கண்டிப்பான ஹாஸ்டல், பயந்த பிள்ளைக்கு வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி. இவை ஏன் சரியாக வருவதில்லை என்று சொல்ல, முதலில் 'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற அந்தச் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

"லிபரல் ஆர்ட்ஸ்னா டிராயிங்கா சார்?" என்று அந்த அப்பா கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. 'ஆர்ட்ஸ்' என்றால் நம் ஊரில் ஒன்று ஓவியம், அல்லது வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் படிப்பு. மூலச் சொல்லுக்கு இந்த இரண்டோடும் சம்பந்தமில்லை. லத்தீனில் 'ஆர்ட்டேஸ் லிபராலெஸ்' என்றால், அடிமையாக இல்லாத, தன் முடிவைத் தானே எடுக்கிற குடிமகனுக்கு உரிய கல்விகள் என்று பொருள். ஐரோப்பிய இடைக்காலத்தில் அவை ஏழு: இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை ஒரு பக்கம்; எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் இன்னொரு பக்கம். ஏழில் மூன்று, இன்றைய கணக்கில் அறிவியல். அதனால் 'லிபரல் ஆர்ட்ஸ்' படிக்கிற பிள்ளை இயற்பியலும் படிக்கலாம், தத்துவமும் படிக்கலாம். இரண்டையும் ஒரே செமஸ்டரில் படிக்கவும் செய்யலாம்.

இதன் சாயல் நம்மிடம் இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டின் எந்தக் கலை அறிவியல் கல்லூரிப் பட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். பகுதி 1 தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் அதோடு சேர்ந்த அலைடு பாடமும், பகுதி 4 திறன் பாடங்களும் வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடமும், பகுதி 5 என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்றவை. பி.எஸ்ஸி. கணிதம் படிக்கிற பிள்ளையும் சங்கப் பாட்டு படித்துத்தான் பட்டம் வாங்குகிறது. இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதே இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் கல்லூரியில் முதன்மைப் பாடம் என்ன என்பதைச் சேருகிற அன்றே சொல்லிவிட வேண்டும். 17 வயதில், விண்ணப்பம் நிரப்புகிற பிரவுசிங் சென்டரில், அது முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் பொதுவாக இரண்டாம் ஆண்டு முடிவில் சொன்னால் போதும். அதுவரை நாலைந்து துறைகளில் கால் நனைத்துப் பார்க்கலாம். 2014இல் ஹரியானாவின் சோனிபத்தில் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகமும், 2018இல் ஆந்திர எல்லையில் ஸ்ரீ சிட்டியில் தொடங்கிய கிரியா பல்கலைக்கழகமும் இந்த வழியைப் பின்பற்றுகின்றன. எது தனக்கு என்று தெரியாமல் இருப்பதை, ஒன்றிரண்டு வருடம் பயமில்லாமல் தாங்குகிற பிள்ளைக்கு இது வரம். தெரியாமல் இருப்பதே பெரிய பாரமாக அழுத்துகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு முதல் நாளே 'நீ வரலாற்று மாணவி' என்று ஒரு பெயர் கிடைப்பது நிம்மதி. இதில் யாருக்கும் யாரும் குறைந்தவர் இல்லை.

பிள்ளைக்குச் சுபாவம் இருப்பது போலக் கல்லூரிக்கும் சுபாவம் உண்டு. அது விளம்பரப் புத்தகத்தில் தெரியாது. வகுப்பு எப்படி நடக்கிறது, யார் பேசுகிறார்கள், எதற்கு மார்க் என்பதில்தான் தெரியும். அமெரிக்காவில் சில கல்லூரிகள் இந்தச் சுபாவத்தை எல்லைக்கே கொண்டுபோயிருப்பதால், அவற்றைப் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும். கொலராடோ கல்லூரியில் 1970 முதல் ஒரு நேரத்தில் ஒரே பாடம்தான். மூன்றரை வாரம் அதை மட்டும் படித்து முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவார்கள். செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் 1937 முதல் துறைகளே கிடையாது. கிரேக்கர் காலத்திலிருந்து ஒரே புத்தக வரிசையை எல்லாரும் படித்துவிட்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச வேண்டும். ரீட் கல்லூரியில் மார்க் போடுவார்கள், ஆனால் மாணவர் கேட்டால் ஒழிய வழக்கமாகக் காட்டுவதில்லை. கடைசி வருடம் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். கலிஃபோர்னியா பாலைவனப் பள்ளத்தாக்கில் 1917இல் தொடங்கிய டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரியில் மொத்தமே 30 பேருக்குள்தான் மாணவர்கள். கட்டணம் கிடையாது, மாடு மேய்ப்பது, சமைப்பது, வயல் வேலை எல்லாம் அவர்களே செய்ய வேண்டும்.

வில்லியம்ஸ் கல்லூரியின் முறை ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டைப் பார்த்து எடுத்துக்கொண்டது. ஓர் ஆசிரியர், இரண்டே மாணவர்கள். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வந்து படிப்பார், மற்றவர் அதை அலசுவார்; அடுத்த வாரம் மாறிக்கொள்வார்கள். இந்த வகுப்பில் கூட்டத்தோடு கூட்டமாக உட்காரவே முடியாது. ஆனால் எழுதி வைத்துக்கொண்டு பேசலாம், ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பேசலாம். அமைதியான பிள்ளைகளில் ஒரு வகைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது.

ஏனென்றால் 'வாயே திறக்காது' என்பது ஒரே குணம் இல்லை. 30 வருடம் வகுப்பறையில் நின்ற அனுபவத்தில் எனக்குத் தெரிந்து அதில் மூன்று நான்கு வகை உண்டு. சில பிள்ளைகளுக்குப் பதில் தெரியும், முந்திக்கொண்டு சொல்லப் பிடிக்காது. சிலருக்குக் கேள்வி உடனே வராது. மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று கேட்பார்கள், அந்தக் கேள்வி பெரும்பாலும் அருமையான கேள்வியாக இருக்கும். சிலருக்கு ஆங்கிலம்தான் தடை. தமிழில் கேட்டால் கொட்டுவார்கள். சிலர் உண்மையிலேயே பயந்திருப்பார்கள், அந்தப் பயத்துக்குப் பின்னால் வேறு காரணம் இருக்கும். 60 பேர் உட்காரும் வகுப்பில் இந்த நான்கு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். மூன்று வருடம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமலேயே பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். கூட்டத்தில் மறைவது அந்தப் பிள்ளைக்குச் சுகம்தான், ஆனால் அந்தச் சுகத்துக்குக் கொடுக்கிற விலை அதிகம். இன்னொரு பக்கமும் இருக்கிறது: வகுப்பில் பேசுவதற்கே மார்க் போடுகிற கல்லூரிகளில், மறுநாள் கேட்கிற பிள்ளை சிரமப்படும். வகுப்பு சிறியதா என்று மட்டும் கேட்டால் போதாது. எழுத்துக்கு எவ்வளவு மார்க், பேச்சுக்கு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

சரி, பிள்ளையின் சுபாவத்தை எப்படித் தெரிந்துகொள்வது? விரல்ரேகையை ஸ்கேன் செய்து மூளையைக் கணிக்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிற சோதனைகள் இருக்கின்றன. அவற்றுக்கு அறிவியல் அடிப்படை கிடையாது. அந்தப் பணத்தைப் பஸ் செலவுக்கு வைத்துக்கொண்டு நாலு கல்லூரியை நேரில் பார்த்து வரலாம். ஆட்களைப் 16 வகையாகப் பிரித்து நான்கெழுத்தில் பெயர் சூட்டுகிற சோதனையிலும் சிக்கல் இருக்கிறது. சில வாரம் கழித்து அதே ஆள் மறுபடி எழுதினால், பலருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. உளவியல் ஆய்வாளர்கள் ஓரளவு நம்புவது ஐந்து பெருங்குணங்கள் என்ற அளவைத்தான். அதிலும் கல்லூரி மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டி வருவது கலகலப்பு அல்ல, எடுத்த வேலையை முடிக்கிற பொறுப்புக் குணம். அமைதியான பிள்ளை பிழைக்காது என்று கவலைப்படுகிற பெற்றோருக்கு இதை அடிக்கடி சொல்வேன்.

நான் பெற்றோருக்குச் சொல்லும் வழி ஒன்றுதான். யாரும் எதுவும் சொல்லாத ஒரு நாளில் பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். நம் பகுதியில் இது அவ்வளவு சுலபம் இல்லை. சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கத்து ரெசிடென்ஷியல் பள்ளிகளில் படித்த பிள்ளைகளைப் பாருங்கள். விடியற்காலை எழுப்புவதிலிருந்து இரவு விளக்கணைப்பது வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் யாரோ ஒருவர் பொறுப்பு. ஸ்டடி ஹவர், டெஸ்ட், மறுபடி ஸ்டடி ஹவர். இரண்டு வருடம் கழித்து அந்தப் பிள்ளை 'ரொம்பப் பொறுப்பு' என்று நாம் சொல்கிறோம். அது பிள்ளையின் பொறுப்பா, டைம் டேபிளின் பொறுப்பா என்று அந்த இரண்டு வருடத்தில் பார்க்கவே முடிந்திருக்காது. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் வாரத்துக்கு வகுப்பு நேரம் 15 மணி நேரம் அளவில்தான் இருக்கும். மீதி நேரம் முழுவதும் படிப்பதற்கும் எழுதுவதற்கும் என்று பிள்ளையின் கையிலேயே விட்டுவிடுகிறார்கள். முதல் செமஸ்டரில் தடுமாறுகிற நம் பிள்ளைகள் பலர் அறிவில் குறைந்தவர்கள் இல்லை; காலியான ஒரு மதியத்தை அவர்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அதனால்தான் பிளஸ் டூ தேர்வுக்கும் ரிசல்ட்டுக்கும் நடுவில் கிடைக்கிற அந்த ஒரு மாதம் விலைமதிப்பில்லாதது. அதையும் கோச்சிங்கில் நிரப்பிவிடாதீர்கள். சும்மா விட்டால் முதல் வாரம் தூங்கும், போன் பார்க்கும். அது கணக்கில்லை. இரண்டாவது வாரத்தில் அலுத்துப்போய்த் தானாக எதையோ கையில் எடுக்கும் பாருங்கள், அதைக் கவனியுங்கள். தனியாகவா, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டா? ஆரம்பித்ததை முடிக்கிறதா, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறதா? தாவுவதும் குற்றம் இல்லை. பல துறைகளைத் தொட்டுப் பார்க்கும் படிப்பு அந்தப் பிள்ளைக்குத்தான்.

இந்த இடத்தில் நம் ஈரோட்டில் பிறந்த ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கும்பிட்ட குடும்பம். 1904இல் ஸ்ரீனிவாச ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை, உதவித்தொகை போயிற்று. அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கும் எஃப்.ஏ. தேர்வில் (பட்டப்படிப்புக்கு முந்தைய அந்தக் காலத்துத் தேர்வு) மற்ற பாடங்களில் தேறவில்லை. எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்கிற பரந்த படிப்பு கெட்ட படிப்பு இல்லை. அந்தச் சுபாவத்துக்கு அது சரியான இடமாக அமையவில்லை, அவ்வளவுதான். லிபரல் ஆர்ட்ஸைத் தூக்கிப் பேசுகிறவர்கள் இந்தக் கதையை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரே விஷயத்தில் வெறியாக இருக்கிற பிள்ளையை 'எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் படி' என்று அனுப்பினால் அது வாடிப்போகும். கட்டாயப் பாடம் அதிகம் உள்ள கல்லூரியும் உண்டு, மிகக் குறைவாக உள்ள கல்லூரியும் உண்டு. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்டில் முதல் ஆண்டு கருத்தரங்கு ஒன்றைத் தவிர எல்லாருக்கும் பொதுவான கட்டாயப் பாடமே கிடையாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இவ்வளவு தூரம் வேறுபடும்.

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தத்துவம் எடுத்ததற்குக் காரணம், உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் பாடப்புத்தகங்கள் கைக்குக் கிடைத்ததுதான். வசதி இல்லாத வீடு, புத்தகச் செலவு மிச்சம். சுபாவம் முன்கூட்டியே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவதில்லை. கிடைத்த பாடத்துக்குள் போய் வளர்கிற சுபாவமும் உண்டு. 17 வயதுப் பிள்ளையைப் பார்த்து 'இது இப்படித்தான்' என்று முத்திரை குத்த எனக்கு மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது தூரம். சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி, பெங்களூர் 200 கிலோமீட்டர்தான், சென்னை 340. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு பெங்களூர் போய்விடலாம். அங்கே அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள் என்பதால், பட்டறைக் குடும்பங்களும் விண்ணப்பித்துப் பார்க்கத் தயங்க வேண்டாம் என்பேன். தெற்கே மதுரையில் 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி. சென்னையில் கிறித்துவக் கல்லூரி; 1837இல் தொடங்கி, 1937இல் தாம்பரத்தில் காட்டுக்கு நடுவே 365 ஏக்கருக்குக் குடிபோனது. அங்கே ஹாஸ்டலை 'ஹால்' என்பார்கள். சேலையூர் ஹால், தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பழக்கவழக்கம், தனிப் பெருமை. 40 வருடம் கழித்துச் சந்திக்கிற பழைய மாணவர்கள் துறையைச் சொல்வதற்கு முன் ஹாலைச் சொல்வார்கள்.

ஹாலைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், இந்தப் படிப்பின் பாதி சாயங்காலத்தில்தான் நடக்கிறது. வகுப்பு முடிந்த பிறகு நடக்கிற கூட்டம், நாடக ஒத்திகை, நூலகம், மெஸ்ஸில் இரவு பத்து மணிக்கு ஓடுகிற வாக்குவாதம். ஏற்காட்டுப் பிள்ளைகளை நினைத்தால் இது எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது. மலைக் கிராமத்திலிருந்து நடந்து ஏற்காடு வந்து, பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்து, அங்கிருந்து சேலத்தில் கல்லூரிக்குப் போகிற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றரை மணி ஆனால் அவர்கள் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். பஸ்ஸை விட்டால் வீடு சேர முடியாது. அந்த மாணவர்களில் பலர் தங்கள் வீட்டிலேயே கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள். அந்தப் பிள்ளை எதிலும் கலந்துகொள்வதில்லை, ஒதுங்கியே இருக்கிறது என்று ஆசிரியர் நினைப்பார். ஒதுங்கவில்லை, பஸ்ஸுக்கு ஓடுகிறது. ஹாஸ்டலில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் அதே பிள்ளையின் சுபாவம் வேறாகத் தெரியும். வீட்டுக்குப் பக்கத்தில் என்று நாம் தேர்ந்தெடுக்கும்போது, கிலோமீட்டரைப் பார்க்கிறோம். அந்தத் தூரம் சாயங்காலத்தை எவ்வளவு சாப்பிடுகிறது என்பதைப் பார்ப்பதில்லை.

பணம் இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. புதிய தனியார் லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகங்களில் வருடத்துக்குப் பல லட்சம் ஆகும். உதவித்தொகை இருக்கிறது, ஆனால் அது உறுதியாகாமல் கடன் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சேலம் செர்ரி ரோட்டில் இருக்கும் நம் அரசுக் கலைக் கல்லூரியின் வேர் 1857 வரை போகிறது. ஃபேர்லேண்ட்ஸ் சாரதா கல்லூரியில் 1961 முதல் பெண்கள் படிக்கிறார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். இங்கே சேருகிற பிள்ளைக்கு லிபரல் ஆர்ட்ஸ் கிடைக்காது என்று இல்லை. வேறு துறையிலிருந்து எடுக்கும் பாடத்தை 'ஈஸியா மார்க் வரும்' என்று எடுக்காமல் ஆசைப்பட்டு எடுப்பது, அலைடு பாடத்தை மதிப்பது, ஒரு நல்ல ஆசிரியரைக் கண்டுபிடித்து அவரிடம் போய் நிற்பது என்று அதில் பெரும்பகுதியைப் பிள்ளையே கட்டிக்கொள்ள முடியும். தானாக முயற்சி எடுக்கிற பிள்ளைக்கு இது போதும். யாராவது கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டிய பிள்ளைக்குத்தான், சிறிய கல்லூரிக்காகக் கூடுதல் செலவு செய்வது நியாயம்.

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் ஓபன் டே அன்று போகாதீர்கள். சாதாரணப் புதன்கிழமை போங்கள். மாலை நாலரை மணிக்கு நூலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் முதல் வருட மாணவர் ஒருவரிடம் போன செமஸ்டர் கேள்வித்தாளை வாங்கிப் பாருங்கள். என்னைக் கேட்டால் கல்லூரியின் ஜாதகமே அதுதான். நம் பக்கத்தில் உள்மதிப்பீட்டுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 என்பது பொதுவான பிரிப்பு. அந்த 75இல் 'குறிப்பு வரைக', 'விவரி' மட்டும் இருக்கிறதா, அல்லது 'இதை நீ ஏற்கிறாயா, ஏன்' என்று எங்காவது கேட்டிருக்கிறதா? மனப்பாடத்தில் தேர்ந்த பிள்ளை முதல் தாளில் ஜெயிக்கும். இரண்டாவதைப் பார்த்தால் கை நடுங்கும். மறுநாள் கேள்வியோடு வருகிற பிள்ளை இரண்டாவதைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காரும்.

செவ்வாய்ப்பேட்டைப் பெண்ணிடமும் அன்று இரண்டு கேள்வித்தாளைக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டு, இரண்டாவது தாளில் ஏழாவது கேள்விக்கு இரண்டு பதில் வருதே சார், எது சரி என்று கேட்டாள். அவள் எந்த வகை அமைதி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வகுப்புக்கு 25 பேர் இருக்கிற, கட்டுரைக்கு மார்க் அதிகம் தருகிற வெளியூர்க் கல்லூரி ஒன்றில் உதவித்தொகையோடு பொருளாதாரம் சேர்ந்தாள். அப்பாவுக்குக் கடைசி வரை மனசில்லை.

இந்தப் பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டறையில் கீழே உட்கார்ந்துகொண்டு அப்பாவைக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கூலி கிலோவுக்கா, ஜோடிக்கா? சேதாரம் யார் கணக்கு? வெள்ளி விலை ஏறினால் கூலி ஏறுமா? கல்லூரியில் எழுத வேண்டிய கட்டுரைக்காம். அவர் சொல்லச் சொல்ல நடுவில் நிறுத்தி, "அது ஏன்ப்பா அப்படி?" என்றாள். அவர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.